ஸம்ஸியா ஏறாத கார்

பக்கீருக்குப் பழைய ஒஸ்டின் கார் என்றால் உயிர். பெண்சாதி ஸம்ஸியா என்றால் அதற்கும் மேலே. அந்த இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் கிடந்தால் மனுசனுக்குச் சோறு இறங்குமா?

வினை காரின் உட்கூரைத் துணியில் இருந்தது. அது தொங்கிப்போய், பின்னால் இருந்த ஸ்பொஞ்சு பொடிப்பொடியாய் உதிரத் தொடங்கியிருந்தது. சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டு வாசலில் இறங்கியபோது ஸம்ஸியாவின் கறுப்பு அபாயா முழுக்க மஞ்சள் நிற ஸ்பொஞ்சுத் தூள். மில்லில் தவிடு அள்ளிவிட்டா வருகிறாய் என்று மச்சி முறையான ஒருத்தி கேட்க, பந்தலே சிரித்தது. அன்றோடு சரி. இனி அந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்றாள். மூன்று மாதமாகக் கல்முனைச் சந்தைக்கு அவள் ஓட்டோவில் போக, பக்கீர் வெறும் காரை உருட்டிக்கொண்டு பின்னால் போகிறார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. அன்றைக்கு ஸம்ஸியாவைக் காரில் வைத்து ஒலுவில் கடற்கரைக்குக் கொண்டுபோகாவிட்டால் தான் ஆம்பிளையே இல்லை என்று பக்கீர் முடிவுகட்டினார். மருதமுனை நெசவுத் துணி வாங்கி, பழையதைப் பிய்த்து, பசை பூசி ஒட்டினார். முன்பாதி சொன்னபடி கேட்டது. பின்பாதியோ வெயில் ஏறியதும் அப்பம்போல உப்பியது. இங்கே அழுத்தினால் அங்கே எழும்பும்.

பாண்டிருப்பில் டயர்க்கடை வைத்திருக்கும் கூட்டாளி புண்ணியமூர்த்திதான் வழி கண்டார். உழவு மெசின் டியூப்பைப் பின்சீற்றில் வைத்துக் காற்றடித்தால், அது எழும்பித் துணியைக் கூரையோடு சீராய் அழுத்திப் பிடிக்கும். பசை காயும்வரை விட்டால் போதும் என்றார். பக்கீர் அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சாத குறை.

காற்று மெசினைப் பக்கீர் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்து வேலையைத் தொடங்கினார்கள். எல்லாம் நல்லாய்த்தான் போனது. மூலை சுருங்கியிருக்கிறதே என்று இழுத்துவிட, பக்கீர் பின்சீற்றுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதைக் காற்று மெசினின் இரைச்சலில் புண்ணியமூர்த்தி கவனிக்கவில்லை. டியூப் வீங்கியது. பக்கீர் கத்தினார். டியூப் இன்னும் வீங்கியது. மெசின் நின்றபோது அவருடைய கன்னம் கண்ணாடியில் அப்பிக் கிடந்தது. ஒரு கை தலைக்கு மேலே, மற்றது எங்கே என்று அவருக்கே தெரியாது. புண்ணியமூர்த்தி பதறிப்போய்க் காற்றைத் திறக்கப் போனார்.

“தொடாதடா. காத்து இறங்கினா துணி விழுந்திரும். காயட்டும்,” என்றார் பக்கீர்.

சத்தம் கேட்டு வந்த ஸம்ஸியா பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, வேர்த்துக் கொட்டும் மனுசனைப் பார்க்கப் பாவமாகி, பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். பின்கதவைத் திறந்தால் டியூப் பிதுங்கி வெளியே வரும். முன்கதவைத் திறந்து ஏறி, சீற்றில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பிக் கோப்பையைச் சரித்தாள். பாதி வாய்க்குள், பாதி தாடியில். விழுங்கிய பிறகுதான் அவள் காருக்குள் இருப்பது பக்கீருக்கு உறைத்தது.

“நீ ஏற மாட்டன் எண்டதுக்குத்தானே புள்ள இவ்வளவு பாடும்,” என்றார்.

“கூரையத் திருத்தினீங்க, சரி. இந்த மூணு மாசத்தில, வா ஏறு எண்டு என்னய ஒருக்காக் கூப்பிட்டீங்களா?”

பக்கீர் யோசித்துப் பார்த்தார். அல்லாஹ்வே, ஒரு தரமும் கூப்பிடவில்லை. கல்முனை முழுக்க யோசனை கேட்டவர், வீட்டில் இருந்தவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாய்ப் பொங்க, சிரிக்கக்கூட இடமில்லாமல் கிடந்தார்.

“ஸம்ஸியா, காரில ஏறு புள்ள.”

“ஏறித்தானே இரிக்கன்.” அவள் திரும்பி நேராய் உட்கார்ந்தாள். “மூர்த்தித் தம்பி, காரை எடுங்க. கடற்கரைக்குப் போவம்.”

பசை காயவில்லையே என்று புண்ணியமூர்த்தி இழுத்தார். போகிற வழியில் காயும் என்றாள். கார் சந்தைக்குள்ளால் மெதுவாக ஊர்ந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் நின்று பார்க்க, பக்கீர் கண்ணாடியில் அப்பிய கன்னத்தோடு ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டே போனார்.