நான்காவது பக்கத்து ஓலை

1

மலேசியாவின் செரண்டாவில் ஒரு டீக்கடை. புவியியல் ஆசிரியர் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கதைக்கு முதல்: "நிலத்தோற்றச் சூழலியல நாங்க கயித்தப் புடிச்சுத்தான் படிச்சோம் லா." மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

1984. கம்போங் குவாந்தானுக்கு மேலே, ஆற்றங்கரையில், விடிந்தும் விடியாததுமாக இருசப்பன்...

(வேண்டாம். விடியலில் தொடங்கி நான் எழுதிய எதுவும் உருப்பட்டதில்லை.)

இருசப்பன் கலும்பாங் ஊர்க்காரன். வாத்தியாராகப் படிக்கிறவன். வெளிக்களத் தேர்வில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விரிவுரையாளர் கார்த்திகேசு வரைபடத்தில் ஆற்றிலிருந்து சாலைவரை நேர்கோடு ஒன்று கிழித்துக் கொடுத்திருந்தார். அதன்மேல் கயிறு பிடித்துப் போக வேண்டும். கயிறு தொடுவதை எல்லாம் எழுத வேண்டும்: சதுப்பு, புல், செம்பனை, குடியிருப்பு.

"கயித்த விட்டீங்களோ, வளைச்சீங்களோ, ஆத்துலேருந்து மறுபடியும் ஆரம்பிக்கணும். லோரி மத்தியானமே கிளம்பிடும், ரெண்டு பேரும் அதுல ஏறலைன்னா தேர்வு போச்சு."

கயிற்றின் பின்முனையில் கூடப் படிக்கும் வாகீஸ்வரி. செம்பனை மறைப்பில் அவள் முகம் தெரியாது. அவள் ஒருமுறை இழுத்தால் 'நட' என்று அர்த்தம்.

3

கோடு தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் பின்பக்கம் வந்து பச்சை ஓலைக் குடிசையில் முட்டியது. வயதுக்கு வந்த பெண்ணை உட்கார வைக்கும் குடிசை.* அருகில் நின்றவள் அவனுடைய அக்கா இராஜம்மா.

(அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டம்கூடவா தெரியாது என்பீர்கள். எப்போதும் சாலைவழியாக வருகிறவனுக்குப் பின்பக்கம் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்வோம். எனக்கே திருப்தியில்லை.)

அக்கா மகளுக்குக் குடிசை கட்டுவது தாய்மாமனான அவன் முறை. ஆனால் மூன்று பக்கம் ஓலை வேய்ந்திருந்தது. நான்காவது பக்கத்தில் பழைய சேலை தொங்கியது.

"வந்துட்டியாடா!" அக்கா அவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். "பரீட்சைன்னாங்க. அதான் சொல்லி அனுப்பல. மூணு பக்கத்த பக்கத்து வீட்டு சன்னாசி அண்ணன் கட்டிட்டாரு. ஒரு பக்கம் உனக்குன்னு விட்டு வச்சேன். யாரு சொன்னா உனக்கு? ஓலை கட்டக் கயிறோடயே வந்துட்ட பாரு!"

இருசப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"ஓலைய வச்சிட்டு ஓடிறாத. சாயந்தரம் தண்ணி ஊத்துற வரைக்கும் மாமன் இருக்கணும்."

* சடங்கு முடிந்ததும் எரித்துவிடுவார்கள். அடுத்த வாரம் இல்லாமல் போவதை வரைபடத்தில் என்னவென்று குறிப்பது? டீக்கடை ஆசிரியரைக் கேட்டேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

4

ஒரு முடிவு: உண்மையைச் சொல்லிவிட்டுக் கயிற்றைக் குடிசைக்கு மேலே போட்டு, 'குடியிருப்பு' என்று எழுதிக்கொண்டு நடக்கிறான். வாத்தியாராகிறான். அக்கா அந்தப் பக்கத்தை... (இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.)

இன்னொன்று: கயிற்றை விட்டுவிட்டு ஓலையை வாங்குகிறான். அவனோடு வாகீஸ்வரியின் தேர்வும் போகிறது. அவள் என்ன பாவம் செய்தாள்? அவளுக்குக் குடிசை இருப்பதே தெரியாது.

மூன்றாவது முடிவு ஒன்று இருக்க வேண்டும். நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

5

மறுமுனையிலிருந்து ஓர் இழுப்பு வருகிறது. அக்கா ஓலையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சேலைக்குப் பின்னாலிருந்து பிள்ளையின் குரல்:

"அம்மா, மாமா வந்துட்டாரா?"

என்னால் முடியவில்லை. அவளுக்கு நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.