தலைகீழாக நின்ற பெட்டி

நான் என் வண்டியின் இன்ஜினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேனாம். சர்வீஸ் சென்டர்காரர்கள் கொடுத்த தாளில் அப்படித்தான் அடித்திருந்தது. ‘உரிமையாளர் இன்ஜினைக் கழுவியதால் கண்ட்ரோல் மாட்யூலில் நீர் புகுந்துள்ளது. உரிமையாளரின் கவனக்குறைவு.’ படித்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். பானெட்டைத் திறந்தால் காய்ந்த துணியைத் தவிர வேறு எதையும் உள்ளே விட்டவள் இல்லை நான்.

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் என் பிழைப்பு. போன செவ்வாய்க்கிழமை, மழை விட்ட கையோடு, மேம்பாலத்தின் நட்டநடுவில் வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது. பின்சீட்டில் தையல்காரர் இருந்தார். நாலு மணி நேரம் கையில் ஊசியோடு படுத்துக் கிடந்துவிட்டு வந்த மனிதர். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தையல்காரர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பாலத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே வரை நடந்தார். “பரவால்லம்மா, பரவால்லம்மா” என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

யாருக்கு எந்த வண்டி என்று பிரித்துக்கொடுக்கும் தலைமை நர்ஸ் கறாரான ஆள். “வண்டியில கோளாறுன்னா சரி. நீங்க ஒழுங்கா பாத்துக்கலைன்னா இனிமே உங்களுக்கு ஒருத்தரையும் அனுப்ப முடியாது. சர்வீஸ்ல என்ன எழுதிக் குடுக்கறாங்களோ அதைக் கொண்டாங்க” என்று சொல்லிவிட்டார். ஆக, அந்தத் தாள்தான் என் சோறு. அதில்தான் இப்படி எழுதி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவருக்கு அலுவலகத்தில் ஃபைல் பிரிவில் வேலை. காகிதத்தில் இருந்தால் அவருக்கு அது வேதவாக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எப்பவாவது கழுவியிருப்பே. உனக்கு ஞாபகம் இருக்காது.”

“நான் கழுவலைங்க.”

“அப்புறம் எதுக்குப் போட்டிருக்கான்? சும்மாவா போடுவான்? சீல் வேற வெச்சிருக்கான் பாரு.”

பதினொரு வருடமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறவளின் பேச்சு எடுபடவில்லை. முன்பின் பார்த்திராத எவனோ குத்திய சீல் எடுபட்டது. அன்று முழுவதும் நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் டொக்கென்று பேசியது.

மறுநாள் காலை, நீர் புகுந்த அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். “நானும் வரேன். ஆம்பளை ஒருத்தன் இருந்தா மரியாதையா பேசுவாங்க” என்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். அங்கே போனதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இன்சார்ஜ் வந்தான். வந்தவன் நேராக அவரிடம் போனான்.

“சார், இந்த மாட்யூல்தான் இன்ஜினுக்கு மூளை மாதிரி. டீசல் எப்ப போகணும், எவ்வளவு போகணும், எல்லாம் இதுதான் சொல்லும். மேடம் தெரியாம கழுவிட்டாங்க. அதனால வாரண்டி கிடைக்காது.”

“வண்டி என் பேர்ல இருக்கு. ஓட்டறது நான். என்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

“இல்ல மேடம், சார்கிட்ட சொன்னா அவர் உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடுவாரு.”

என் வீட்டுக்காரருக்குக் கியர் எது, ஹேண்ட் பிரேக் எது என்று தெரியாது. ஆனாலும் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர்கள் தாண்டக் கூடாது என்று தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி வண்டி நின்ற இடத்துக்குப் போய்விட்டேன்.

மெக்கானிக் பழைய பெட்டியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தி முடித்திருந்தார். பேட்டரியில் சார்ஜரும் டாஷ்போர்டுக்குக் கீழே லேப்டாப் வயரும் மாட்டியிருந்தன. புதுப் பெட்டிக்கு வண்டியின் நம்பரை ஏற்றி, சாவியையும் அடையாளம் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் சொந்தச் சாவியையே திருட்டுச் சாவி என்று நினைத்து இன்ஜினைக் கிளப்ப விடாதாம். “முடியறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்மா. அதுவரைக்கும் கதவைக்கூடத் தொடாதீங்க” என்றார்.

தொடவில்லை. தட்டில் கிடந்த பழைய பெட்டியைத்தான் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி. வயர்கள் வந்து சேரும் இரண்டு பிளக் வாய்களிலும் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. மற்ற பக்கமெல்லாம் புதுசு போல இருந்தது. நான் ஹோஸைப் பிடித்து அடித்திருந்தால் தண்ணீர் அந்த இரண்டு வாயை மட்டும் தேடிப்போயா நனைத்திருக்கும்?

புதுப் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். பிளக்குகள் மேலே பார்த்தபடி இருந்தன. அதற்கு நேர் மேலே, வைப்பருக்குக் கீழே, கண்ணாடியில் விழும் மழைத்தண்ணீர் இறங்குகிற இடுக்கு. பக்கத்தில் என்னுடையதைப் போலவே இன்னொரு வண்டி பானெட்டைத் திறந்தபடி நின்றது. அதில் பிளக்குகள் கீழே பார்த்திருந்தன.

“அண்ணே, அந்த வண்டியில பிளக் கீழ பாத்திருக்கு. இதுல ஏன் மேல பாத்திருக்கு?”

“அது ஃபேக்டரியில வெச்சபடி இருக்கும்மா. இது போன தடவை பேட்டரி மாத்தறப்ப நாங்க கழட்டி மாட்டினது. கீழ பாத்த மாதிரி வெச்சா மாட்டறதுக்குக் கை உள்ள போகாது. திருப்பி வெச்சா லேசா மாட்டிடலாம். இங்க எல்லாரும் அப்படித்தான் வைப்போம்.”

அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. நல்ல உபாயம் ஒன்றைச் சொல்லித் தருவது போலத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இவர்கள் கைக்கு வலிக்கக் கூடாது என்று பெட்டியைக் கவிழ்ப்பார்களாம். தண்ணீர் இறங்கினால் நான் கழுவினேன் என்று எழுதுவார்களாம். புதுப் பெட்டியையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அடுத்த மழையில் மறுபடி பாலம், மறுபடி லாரி, மறுபடி அந்தத் தாள்!

லேப்டாப் வேலை முடிந்து சாவியைக் கழற்றியதும் வீட்டுக்காரரையும் இன்சார்ஜையும் கூப்பிட்டேன். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தேன். மெக்கானிக் பதறிப்போய்ப் புதுப் பெட்டியின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போர்த்தினார்.

“ஏங்க, அந்தத் தாளை இந்தப் பெட்டிக்கு மேல பிடிங்க” என்றேன்.

வீட்டுக்காரர் விழித்துக்கொண்டே பிடித்தார். முன் கண்ணாடியில் அரை பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். இடுக்கு வழியாக இறங்கி, சொட்டுச் சொட்டென்று நேராகத் தாளின் நடுவில் விழுந்தது.

“ஐயோ, பேப்பர் நனையுது, பேப்பர் நனையுது!” என்று கத்தினார்.

“பெட்டியும் இப்படித்தான் நனைஞ்சுது” என்றேன்.

இன்சார்ஜ் தொண்டையைச் செருமினான். அப்போதும் அவரைப் பார்த்துத்தான் பேசினான். “சார், ஒண்ணு பண்ணலாம். இயற்கையான நீர்க்கசிவுன்னு மாத்திக் குடுத்துடறேன்.”

இந்தப் பட்டறையில் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயின்ட் வைப்பது வழக்கம். அதைப் பெருமையாகச் சுவரில் எழுதியும் போட்டிருக்கிறார்கள். பழைய பெட்டியோடு தட்டில் கிடந்த நாலு போல்ட்டையும் அள்ளி அவன் கையில் வைத்தேன். நாலிலும் மஞ்சள்.

“இயற்கை வந்து போல்ட்டை இறுக்கி மஞ்சப் பெயின்ட்டும் வெச்சுட்டுப் போச்சா தம்பி? யார் திருப்பி வெச்சாங்களோ அதை எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.”

மெக்கானிக்தான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “சார், நாமதான் திருப்பி வெச்சோம். அந்தம்மா மேல தப்பில்ல. எழுதிக் குடுத்துடுங்க.” சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழற்றி, பிளக்குகள் கீழே பார்க்கும்படி பொருத்தினார். புறங்கையில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது.

புதுத் தாள் வந்தது. ‘பட்டறையில் தலைகீழாகப் பொருத்தியதால் நீர் புகுந்தது. உரிமையாளரின் தவறு இல்லை.’ வாரண்டியும் கிடைத்தது. வண்டி ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது.

பக்கத்தில் உட்கார்ந்து வந்த வீட்டுக்காரர் புதுத் தாளை இரண்டு முறை படித்தார். நனைந்ததையும் பத்திரமாகத் தொடைமேல் விரித்துக் காயவைத்திருந்தார்.

“நீ கழுவலைதான்” என்றார்.

“நேத்தே சொன்னேனே.”

“நீ சொன்னே. இப்ப பேப்பர்லயே போட்டுட்டானே. சீலும் இருக்கு.”

சர்வீஸ் சென்டரில் பட்ட கோபமெல்லாம் இதற்கு முன்னால் சும்மா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

“இறங்குங்க.”

“ஏன்? வீடு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு!”

“பஸ் ஸ்டாப் எதிர்லயே இருக்கு. நான் தையல்காரரைக் கூப்பிடப் போகணும். புதுத் தாளைக் குடுங்க, நர்ஸம்மாவுக்குக் காட்டணும். பழசை நீங்களே வெச்சுக்குங்க.”

ஈரத்தாளை இரண்டு விரலால் பிடித்தபடி அவர் நடைபாதையில் நின்றது கண்ணாடியில் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்காரர் பையோடு வாசலில் தயாராக நின்றார். இவரும் கேட்பார் என்று நினைத்துத் தாளை எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

“வண்டி சரியாயிடுச்சாம்மா?”

“ஆயிடுச்சுய்யா.”

“சரி” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.