இதற்கிடையில் எனக்குத் திருமணமும் நடந்தது

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை, பேனாவும் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்? வெளியூரில் இருக்கும் மகள் டைப் அடித்து அனுப்பிவிட்டாள். அச்சகக்காரர் மாஸ்டரிடம் வண்டி பழகியவர், ஆசையாகப் போட்டுத் தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பிடித்தாயிற்று. எழுத்துப்பிழை பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கு வீட்டுக்காரியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், ஒற்றுப்பிழைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

அவள் படித்து முடித்து, தாள்களைத் தட்டி ஒழுங்கு பண்ணி, மேஜைமேல் வைத்தாள்.

"பிழையெல்லாம் திருத்திட்டேன்."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

கல்யாணமான எந்த ஆம்பளைக்கும் அந்த "நல்லா இருக்கு" எந்த ரகம் என்று தெரிந்திருக்கும். நம் மாஸ்டருக்குத் தெரியவில்லை. உச்சி குளிர்ந்துபோய், "முன் வரிசையில உனக்கு நடு சீட்டு" என்றார்.

"நான் வரலைங்க. அன்னிக்குக் கடையில ஸ்டாக் எடுக்கிறோம்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

அவள் தாள்களைப் புரட்டி, ஒரு பக்கத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். முதல் வண்டி வாங்கிய கதை அது. நடுவில் இப்படி இருந்தது: 'இதற்கிடையில் எனக்குத் திருமணமும் நடந்தது. வண்டியின் கிளட்ச் பிளேட்டோ மறுபடியும் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது.'

"கிளட்ச் பிளேட்டுக்கு நாலு பக்கம். எனக்கு ஒரு வரி. அதுவும் இதற்கிடையில. அந்த ஒரு வரிக்கு எதுக்குங்க நடு சீட்டு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஊரே வந்து கைதட்டினாலும், அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தால் மேடையில் நிற்க முடியாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை அச்சகத்துக்கு ஓடினார். மெஷின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஒரு அத்தியாயம் சேக்கணும்பா. என் சம்சாரத்தப் பத்தி."

அச்சகக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்டர், பதினாறு பதினாறு பக்கமாத்தான் அச்சாகும், அதுதான் ஒரு பாரம். எல்லாம் கணக்குப் பண்ணி வச்சாச்சு. சேக்கணும்னா அதே அளவுக்கு ஏதாவது எடுங்க. எதை எடுக்கிறீங்க?"

"கிளட்ச் பிளேட்ட எடுத்துடு."

"அது நாலு பக்கம்தானே. அம்மாவுக்கு நாலு பக்கம் போதுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான் பாவி. யோசித்துச் சொல்கிறேன் என்று மாஸ்டர் வீடு வந்து சேர்ந்தார்.

எழுத உட்கார்ந்தார். 'என் மனைவி மிகவும் நல்லவள். பொறுமைசாலி. குடும்பப் பொறுப்பு மிக்கவள்.' அதற்குமேல் வண்டி நகரவில்லை. மகளுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை.

"அப்பா, நடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கு! அம்மாவ உங்களுக்குத் தெரியும்தானே? கருகல் அங்கிளப் பத்தி மட்டும் அவ்வளவு எழுதினீங்க?"

கருகல் என்பது மாஸ்டர் வைத்த பட்டப்பெயர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். அவரிடம் பழகுகிறவர்கள் கிளட்சைக் கருக்கிவிடுவார்கள் என்பது மாஸ்டரின் பல வருஷத்துப் பிரச்சாரம். புத்தகத்தில் ஏழாவது அத்தியாயம் முழுக்க அவரைத்தான் தோலுரித்துத் தொங்கவிட்டிருந்தார். படித்த நண்பர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தது அந்த அத்தியாயத்துக்குத்தான்.

வேறு வழியில்லாமல், மத்தியானம் கண்ணாடிக் கடைக்கே போனார். கடையில் கூட்டமில்லை. அவள் ஒரு பிரேமின் காலைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"உன்னப் பத்தி எழுதப்போறேன். ஏதாவது சொல்லேன்."

"என்னத்தச் சொல்ல?"

"எனக்குத் தெரியாதது ஏதாவது."

அவள் பிரேமைக் கீழே வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை முகத்தில் வந்து போனது.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்."

"எந்த வண்டி?"

"கார்தாங்க. லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகுது."

மாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"யாருகிட்டப் பழகின?"

"ஏழாவது அத்தியாயத்துகிட்ட."

கையிலிருந்த மூடி உருண்டு கவுன்டருக்கு அடியில் போனது. அவர் குனியக்கூட இல்லை.

"உங்ககிட்டத்தான் கேட்டேன். அடுத்த மாசம்னீங்க. அப்புறம் மழை முடியட்டும்னீங்க. அப்புறம் பேட்ச் ஃபுல்லுன்னீங்க. ஊர்ல எல்லாருக்கும் இடம் இருந்துச்சு. சரின்னு அங்க போயிட்டேன். அவரு நல்ல மனுஷங்க. குரல ஒசத்தினதே இல்ல. கிளட்சும் கருகல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒரு வாரம் சாப்பிட்டிருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். "சும்மா லைசென்ஸ் வச்சிருந்தா ஆச்சா, கைப்பழக்கம் விட்டுப்போயிருக்குமே" என்று முனகிப் பார்த்தார்.

"வாராவாரம் ஓட்டுறேனே. முதியோர் இல்லத்துக்குக் கண்ணாடி கொண்டுபோற கடை வேன் என்கிட்டத்தான் இருக்கு. பாலத்துக்கிட்ட ரெண்டு தடவ உங்க வண்டிக்கு வழி விட்டிருக்கேன். நீங்ககூட கைய ஆட்டி நன்றி சொன்னீங்க."

மாஸ்டருக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது. வெள்ளை வேன். சரியான தூரத்தில், சரியான நேரத்தில் வேகம் குறைத்த வேன். பக்கத்தில் இருந்த மாணவனிடம், 'பாத்துக்கோ, ஓட்டுனா இப்படி ஓட்டணும்' என்றுகூடச் சொன்னார். சக்கரத்தைப் பார்த்தாரே தவிர, உள்ளே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து அவரைக் காப்பாற்றினார்.

சாயங்காலமே எழுத உட்கார்ந்தார். அடுத்த மாசத்தை எழுதினார், மழையை எழுதினார், நிரம்பிப்போன பேட்சை எழுதினார். வெள்ளை வேனையும், மாணவனிடம் தான் சொன்னதையும் எழுதினார். பூசி மெழுகத் தோன்றிய இடத்திலெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினார். சரியாக ஏழாவது அத்தியாயத்தின் அளவுக்கு வந்தது. அச்சகக்காரருக்குப் போன் செய்து, "ஏழ எடுத்துட்டு இதப் போடு" என்றார்.

"மாஸ்டர்! புத்தகத்துலயே காமெடியான இடம் அதுதானே!"

"அதனாலதான்பா அளவு சரியா இருக்கு" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

புது அத்தியாயத்தை அவளும் படித்தாள். ஒரு எழுத்துப்பிழை திருத்தினாள். வேனைப் பற்றி வந்த இடத்தை மட்டும் திரும்பவும் படித்தாள்.

"நிஜமாவே அந்தப் பையன்கிட்ட அப்படிச் சொன்னீங்களா?"

"சத்தியமா."

அவள் தாளை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை ஸ்டாக் எடுக்கலையாம். வரேன். ஆனா நான்தான் ஓட்டுவேன்."

அப்படித்தான் நடந்தது. மண்டப வாசலில் பழைய மாணவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆயுசு முழுக்க அவர் உட்கார்ந்த சீட்டு அது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் அவள் ரிவர்ஸ் போட்டு, ஒரே திருப்பில் உள்ளே விட்டாள். கூட்டத்தில் விசில் பறந்தது.

"மாஸ்டர் கைவண்ணம்னா சும்மாவா!" என்று ஒரு மாணவர் உரக்கச் சொன்னார். "எல்லாரும் கைதட்டுங்கப்பா!"

கைதட்டினார்கள். மாஸ்டர் இறங்கினார். கேட் ஓரமாக, மாஸ்டர் அனுப்பிய அழைப்பு தனக்குத்தானா என்ற சந்தேகம் இன்னும் தீராமல், கருகல் தனியாக நின்றிருந்தார். அந்தக் கைதட்டலுக்குத் தலையை ஆட்டிவிட்டு மாஸ்டர் உள்ளே போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவருக்கு அந்த ஆசை இல்லாமலும் இல்லை. கார்க் கதவைச் சாத்திவிட்டு அவள் இந்தப் பக்கம் வருவதைப் பார்த்தார்.

"இவங்க என் ஸ்டூடன்ட் இல்லப்பா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதோ நிக்கிறாரே, அவரு ஸ்டூடன்ட். கைதட்டு அவருக்குப் போகணும்."

கருகல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவள் முதலில் கைதட்டினாள், பிறகு எல்லோரும். சத்தம் ஓய்ந்ததும் அவள் கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மாஸ்டரைப் பார்த்து, "வாங்க, நடு சீட்டுக்கு வேற யாராவது வந்துடப்போறாங்க" என்று முன்னால் நடந்தாள்.