கால்விரலைக் கடித்த மீன்

"நல்லவங்க தூங்கும்போதும் நல்லவங்களாம்மா?"

ஆறு வயதில் அவள் இப்படிக் கேட்டபோது அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையின் கை மடிபடாமல் பாதியில் நின்றது. "தூங்கும்போது யாரு யாருக்கு என்ன செஞ்சிட முடியும்? பேசாம கண்ணை மூடு" என்றாள் அம்மா. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா, "உங்கம்மா தூங்கும்போதுதான் ரொம்ப நல்லவ" என்றார். மடித்த துண்டு ஒன்று பறந்து போய் அவர் தலையில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி மட்டும் பதில் கிடைக்காமல் எங்கேயோ ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது.

பதின்மூன்று வருடம் கழித்து, ஒரு கல்லூரி விடுதியின் இரண்டாம் மாடியில், அது மெல்லக் கண் விழித்தது.

அவள் அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். முதலாம் ஆண்டு எப்படிப் போனது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் அள்ளிய தண்ணீர் மாதிரி ஒழுகிப் போயிருந்தது. இரண்டு பாடங்களில் தோல்வி. அம்மாவின் பிறந்தநாளை மறந்தாள். பள்ளிக்காலத் தோழி ஒருத்தி மூன்று முறை கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். யார்மீதும் அவளுக்குக் கோபமில்லை, தன்மீதுதான். ஒரு நாள் கடைக்குப் போய் நீளமான நோட்டும் அடிக்கோலும் வாங்கி வந்தாள். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டாள். நாளுக்கு எட்டுக் கட்டம். ஐந்து மணிக்கு எழுந்திருத்தல், பச்சைத்தண்ணீர்க் குளியல், முப்பது பக்கப் படிப்பு, ஏழு நிமிடப் பிரார்த்தனை என்று வரிசையாகப் போய், ஏழாவது கட்டத்தில் "அம்மாவோடு பத்து நிமிடப் பேச்சு", எட்டாவதில் "அறைத்தோழியிடம் அன்பு" என்று முடிந்தது. செய்து முடித்ததற்கெல்லாம் பச்சை மையில் ஒரு டிக்.

மாடி முழுக்க அவளுக்கு "டைம்டேபிள்" என்று பெயர் வந்துவிட்டது. அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

அதிலும் அந்த முதல் கட்டம் அவளுக்கு உயிர். அலாரம் வைக்காமல், மனத்துக்குக் கட்டளையிட்டே எழ வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். படுக்கப் போகும்போது "அஞ்சு மணி" என்று மூன்று முறை சொல்லிக்கொள்வாள். விடியும் முன்னால் ஒரு கனவு வரும். ஏதோ ஓர் ஓடை. கரையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டிருப்பாள். தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். வெள்ளி நிறத்தில் ஒரு மீன் வந்து அவளுடைய கால் கட்டைவிரலை மெல்லக் கடிக்கும். வலிக்காது, கூச்சம்தான். விழித்துப் பார்த்தால் மணி ஐந்துக்கு ஐந்து நிமிடமோ, ஏழு நிமிடமோ இருக்கும். தொண்ணூற்று நான்கு நாள் தவறவில்லை. மனம் தனக்கு அடங்கிவிட்டது, அதன் அடையாளம்தான் அந்த மீன் என்று நம்பினாள். நோட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு மீன்கூட வரைந்துவைத்திருந்தாள்.

அறைத்தோழியை எல்லோரும் "ரொட்டிக்காரி" என்பார்கள். கல்லூரிக்குப் பின்தெருவில் இருந்த ரொட்டிக்கடையில் விடியற்காலை முறை வேலை அவளுக்கு. ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு வகுப்பு. மத்தியானம் கொஞ்சம் தூக்கம். அவள் உள்ளே வந்தாலே அறையில் சூடான மாவு மணக்கும். ஜன்னலுக்கு நீலத் திரை ஒன்று அவளே தைத்துப் போட்டிருந்தாள். மேற்குப் பார்த்த ஜன்னல்; அது இல்லாவிட்டால் மத்தியான வெயில் நேரே கட்டிலுக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் நூலகத்திலிருந்து திரும்பியபோது நோட்டு மின்விசிறிக்கு அடியில் விரிந்து கிடந்தது. ஓரமெல்லாம் ஈரம். ரொட்டிக்காரி கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திடீர்னு மழை. ஜன்னல் திறந்திருந்துச்சு. உன் நோட்டு நனைஞ்சிடுச்சு, காயப் போட்டேன்."

"நல்லவேளைடி."

"படிச்சேன்."

அவள் பையை இறக்காமல் நின்றாள்.

"எட்டாவது கட்டம் நான்தானே?"

"அது அப்படியில்லடி. அது வந்து, எனக்கு நானே..."

"எங்கப்பா விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்ச சேதி வந்த அன்னைக்கு என்ன எழுதியிருக்கன்னு நானே வாசிக்கிறேன். 'ரொட்டிக்காரி அழுதாள். ஆறுதல் பதினைந்து நிமிடம். இலக்கு பத்து.' பக்கத்துல டிக். அதுக்கும் பக்கத்துல ஒரு ஸ்டார்." அவள் குரல் உயரவேயில்லை. "நான் உன் தோள்ல சாஞ்சு அழுதப்ப, நீ கடிகாரம் பார்த்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பார்த்தது நிஜம்.

"அஞ்சு நிமிஷம் எக்ஸ்ட்ரா குடுத்திருக்க. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளே அறை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். விடுதியில் அதற்கு அரையாண்டுக்கு ஒரு முறைதான் இடம். கடைசி நாள் சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்குள் பழைய சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்தால் புதிய சாவி கிடைக்கும். நான்கு அடித்தால் வார்டன் பேரேட்டை மூடிவிடுவார். அப்புறம் அடுத்த அரையாண்டுதான். அழுதாலும் நடக்காது.

அந்தத் திங்கட்கிழமைதான் இன்னொன்றும் நடந்தது. இவள் கண் விழித்தபோது மணி எட்டே கால்.

மனக்கலக்கம் என்று நினைத்தாள். அன்று படுக்கும்போது "அஞ்சு மணி" என்று இருபது தடவை சொன்னாள். செவ்வாயும் எட்டாகிவிட்டது. புதன் அப்படியே. தூக்கத்தில் ஓடை வந்தது, கரை வந்தது, தண்ணீருக்குள் கால்கள் வெளிறித் தெரிந்தன. மீன்தான் வரவில்லை. வெகுநேரம் காத்திருந்ததுபோலத் தோன்றும்.

வியாழக்கிழமை துணி அலசும் இடத்தில் எதிர் அறைப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு "ரேடியோ" என்று பெயர், நிறுத்தவே முடியாது.

"என்ன டைம்டேபிள், இப்பல்லாம் சூரியன் வந்து எழுப்பினாத்தான் எழுந்திருக்கியாமே?"

"என்னமோ தெரியல. மனசு கேக்கமாட்டேங்குது."

"மனசா?" ரேடியோ சோப்பு நுரையோடு கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, இன்னுமா உனக்குத் தெரியாது? ஹீட்டர் தண்ணி தீர்ந்துடும்னு நான் நாலே முக்காலுக்கே வாளியோட நிப்பேன்ல. தினம் பாக்குறேனே. ரொட்டிக்காரி ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு வெளிய வருவா. வந்துட்டு, மறுபடி ஷூவைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போவா. உன் கால் கட்டைவிரலைப் பிடிச்சு ரெண்டு ஆட்டு. அவ்வளவுதான், ஓடிருவா. பேரைச் சொல்லி எழுப்பேண்டின்னா, 'தானா முழிச்சோம்னு நினைச்சா அவளுக்கு அன்னைக்குப் பூரா சந்தோஷம், கெடுக்காத'ன்னுட்டா. என்கிட்டயே சத்தியம் வாங்கிட்டா. இப்ப நீங்கதான் பேசிக்கிறதில்லையே, அதான் சொல்லிட்டேன்."

ரேடியோ அதற்கப்புறமும் என்னென்னவோ சொன்னாள். எதுவும் காதில் ஏறவில்லை. குழாய்த் தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து, அவளுடைய பாதங்களைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொண்ணூற்று நான்கு விடியல். ஒவ்வொன்றிலும் ஒருத்தி ஷூவைக் கழற்றி, மறுபடி மாட்டியிருக்கிறாள். தான் நல்லவளாக ஆனதாகப் போட்ட பச்சை டிக் ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொருத்தியின் மாவு பிசையும் விரல் இருந்திருக்கிறது. கடவுள் நம்மைத் தாங்கும்போது தன் கையைக் காட்டிக்கொள்வதில்லை. அந்தப் பாடத்தை யாரும் சொல்லித்தராமலேயே சிலர் கற்றுவைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ரொட்டிக்கடையின் பின்வாசலுக்குப் போனாள். உள்ளே அனல். ரொட்டிக்காரி தலையில் வலைத்தொப்பியும் முழங்கைவரை மாவுமாக, கனத்த தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் இரண்டு. ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தும் இவள் அவற்றைப் பார்த்ததில்லை.

"வாங்கணும்னா முன்பக்கம் போம்மா" என்றார் அடுப்படி மேஸ்திரி.

"இவளைப் பார்க்கத்தான்."

ரொட்டிக்காரி தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அவளிடம் சொல்ல இவள் ஒரு நாள் முழுக்க வாக்கியம் கோத்துவைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் இரண்டு சொல்தான் வந்தது.

"மன்னிச்சிடுடி."

ரொட்டிக்காரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, களைத்துப் போன பார்வை. "இதுக்கும் கட்டம் போட்டிருக்கியா? மன்னிப்புக் கேட்டல், அஞ்சு நிமிஷம்?"

"இல்லடி."

"இல்லன்னுதான் நினைக்கிறேன். ஆனா நீ என்கிட்ட 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா இனிமே எனக்கு அந்தப் பச்சைப் பேனாதான் ஞாபகம் வரும். நான் என்ன பண்றது, சொல்லு."

கால்விரல் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். அது ரொட்டிக்காரி பத்திரமாக ஒளித்துவைத்த பொருள். அதையும் திறந்து படித்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவள் கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததுபோல வெறுமனே உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். விடுதியில் ஊருக்குப் போனவர்கள் போக மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அறைக் கதவைத் தள்ளினாள். ரொட்டிக்காரியின் பெட்டி பாதி நிறைந்திருந்தது. அலமாரியில் அவள் பக்கம் காலி. நீலத் திரை மடித்துப் பெட்டியின்மேல் வைக்கப்பட்டிருந்தது. ரொட்டிக்காரி விரிப்பில்லாத மெத்தையில், கையில் பழைய சாவியோடு, ஒரு காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப் போயிருந்தாள். ஐந்து நிமிடம் சாய்வோம் என்று சாய்ந்திருப்பாள். காலை வேலையில் நின்ற கால்கள் அல்லவா.

திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் தரையில் இறங்கி, மெத்தை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துக்கு ஏறியது. ரொட்டிக்காரி முகத்தைச் சுளித்துத் தலையை அசைத்தாள்.

திரையை மாட்டினால் வளையங்கள் சத்தம் போடும். அவள் ஓசைப்படாமல் ஜன்னல் திண்டில் ஏறி, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவளுடைய நிழல் சாய்ந்து போய்த் தூங்குகிறவளின் முகத்தை மூடியது. சுளிப்பு மெல்லப் பிரிந்தது. வெயில் நகர நகர இவளும் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று நகர்ந்தாள். முதுகு காய்ந்தது. வெளிச்சத்தில் தூசு பொன்துகள்போல மிதந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓசையில் அறையே ஓர் ஓடையின் அடியில் இருப்பதுபோல இருந்தது.

வராந்தாக் கடிகாரம் திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. மூன்றே கால். மூன்றரை. மூன்றே முக்கால்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, பூனைபோல, சத்தமில்லாமல். இப்படியே இன்னும் கால் மணி உட்கார்ந்திருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். நான்கு அடித்துவிடும், பேரேடு மூடிவிடும், ரொட்டிக்காரி இந்த அறையிலேயே இருப்பாள். யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது. களைத்தவளைத் தூங்கவிட்டது அன்புதானே என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

தூங்கும் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்தில் மாவு. இந்த முகம் தூங்கும்போதும் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவிடம் கேட்ட கேள்வியைத் தான் தலைகீழாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. தூங்குகிறவரைப் பற்றி அல்ல, தூங்குகிறவருக்குப் பக்கத்தில் விழித்திருப்பவரைப் பற்றித்தான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று ஐம்பதுக்கு அவள் திண்டிலிருந்து இறங்கினாள். தன் செருப்பைக் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டாள். கட்டில் ஓரம் குனிந்து, ரொட்டிக்காரியின் செருப்பில்லாத காலின் கட்டைவிரலை இரண்டு விரலால் பிடித்தாள். மெல்ல ஓர் ஆட்டு. இன்னோர் ஆட்டு.

கால் கூசிச் சுருங்கியது. மூடிய இமைகளுக்குக் கீழே ஏதோ அசைந்தது. ரொட்டிக்காரி எந்தத் தண்ணீரில் காலை வைத்திருந்தாளோ, அங்கே என்ன வந்து தொட்டதோ, தெரியாது.

கண் திறப்பதற்குள் அவள் வராந்தாவைத் தாண்டியிருந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் மாடியைப் பார்க்காமல் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள். முதுகில் இன்னும் வெயிலின் சூடு இருந்தது. மேலே கட்டில் கிறீச்சிடும் ஓசையும், சாவி தரையில் விழுந்த ஓசையும் கேட்டன. அவள் இறங்கிப் போனாள்.