முள்கிளையில் வந்த தம்பி

தாய்மொழியான ஜூலுவும் ஆப்பிரிக்க வரலாறும் படிக்க லுவாஸி டர்பன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, "தாய்ப்பால் குடிச்சதுக்கெல்லாம் பட்டம் குடுக்கிறானுங்களாடா?" என்று கேலி செய்தவன் அண்ணன் மண்ட்லகாயிஸே. கட்டண உயர்வை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் காவலாளிகள் சுட்டார்கள். வரலாற்றுத் துறைப் படிக்கட்டிலேயே தம்பி சுருண்டு விழுந்து செத்தான்.

உடல் ஊருக்குப் போய்விட்டது. ஜூலு வழக்கப்படி ஆவியைக் கிளையில் ஏற்றி அழைத்துப் போக அண்ணன் முள்மரக் கிளையோடு வந்தான். கறை போகாத படியைக் கிளையால் தொட்டு, "வாடா, வீட்டுக்குப் போவோம்" என்றான். இனி வீடு சேரும்வரை தம்பியோடு மட்டும்தான் பேச்சு. உயிரோடிருக்கும் எவனிடமாவது ஒரு வார்த்தை பேசினால் ஆவி வழியிலேயே நின்றுவிடும்.

மழைக்காகக் கிளையைக் கோட்டுக்குள் மறைத்திருந்தான். வாசலில் ம்ஸ்வேலி என்ற காவலாளி மறித்தான்.

"உள்ள என்னடா, கத்தியா?"

மண்ட்லகாயிஸே கோட்டை இறுக்கிப் பிடித்தான்.

"கேக்குறேன்ல? நாக்கு செத்துப் போச்சா?"

தடி வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமும் தெறித்தன. அடுத்த அடியில் முழங்கால் மடிந்தது.

"அன்னிக்கு ஒருத்தனப் படியிலயே சாய்ச்சேன். நீயும் போறியா?"

கோட்டைப் பிடித்துக் கிழித்தான். முள்கிளை வெளியே வந்தது. ம்ஸ்வேலியும் ஜூலுக்காரன்தான். தடி கை நழுவி விழுந்தது.

"அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன். ஒரு வார்த்தை பேசுண்ணே!"

மண்ட்லகாயிஸே அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கிளையிடம் சொன்னான்.

"தம்பி, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. இவன் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடு."