பக்கமா, தூரமா

"பாலம் வருது, சொல்லு சொல்லு!" என்று வேனின் முன் சீட்டிலிருந்து தொங்கம் மாமா கத்தினார்.

பின்னால் ரட்சனி ஒரு கையில் ஊதுபத்தியும், மறு கையில் வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தவரின் காலுமாகக் குலுங்கிக்கொண்டிருந்தாள். "பாலம் தாண்டறோம். கீழே ஓடறது சீ ஆறு. கூடவே வாங்க" என்றாள்.

"யாரைக் கூப்பிடறே? முறை சொல்லிக் கூப்பிடு. இப்படி மொட்டையாக் கூப்பிட்டா ஆத்துல இருக்கிற மீனெல்லாம் ஏறி வந்துடும்."

வேன் ஓட்டியவன் சிரித்துவிட்டான். அப்புறம் செத்த வீட்டு வண்டி என்பது நினைவுக்கு வந்து இருமினான்.

முறை என்றால் என்ன முறை? செத்துப்போனவர் எஸ்கோ, ஃபின்லாந்துக்காரர், அவள் அம்மா லம்யாயைக் கட்டிக்கொண்டவர். அப்போது ரட்சனிக்கு இருபது வயது. அந்த வயதில் புதிதாக ஒருவரை அப்பா என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? பேர் சொல்லவும் கூச்சம். "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டாள். கெட்டிக்காரிதான்.

அந்த ஊர் வழக்கப்படி, ஆஸ்பத்திரியில் செத்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பாலத்தையும் திருப்பத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆவி வழி தெரியாமல் நின்றுவிடும். காலையில் தகவல் சொன்னபோது அம்மா ஃபோனில் அழக்கூட இல்லை. "நான் சோறு வைக்கிறேன், பிக்குங்களுக்குச் சொல்லி அனுப்பறேன். நீ அவரைக் கூட்டிட்டு வா. வழியில எங்கயும் விட்டுட்டு வந்துடாதே" என்றாள். பிறகு, "கடைசியா என்னடி சொன்னார்?" என்று கேட்டாள்.

"சிக்னல் சரியா இல்லம்மா" என்று ரட்சனி ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் சொன்னது இரண்டே சொல். "வீடு க்ளாய்."

அதுதான் காலையிலிருந்து அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த ஊர்ப் பேச்சில் க்ளாய் என்பதைக் குரல் விழச் சொன்னால் பக்கம். குரலை ஒரே மட்டத்தில் இழுத்தால் தூரம். பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லிவிடும், ஆனால் எஸ்கோவுக்கு அது கடைசிவரை வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே தினுசாகத்தான் சொல்வார். சந்தை க்ளாய், கோயில் க்ளாய், ஃபின்லாந்து க்ளாய். கேட்கிறவர்கள் அவர் கையைப் பார்ப்பார்கள். கை மூக்குக்கு நேராக நின்றால் பக்கம், வானத்தைப் பார்த்துப் போனால் தூரம். பக்கத்து வீட்டுக்காரி அவருக்குக் 'கைப்பேச்சுக்காரர்' என்றே பேர் வைத்திருந்தாள்.

இன்றைக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தியிருந்தார்கள். கை அசையவில்லை.

என்ன சொல்லியிருப்பார்? வீடு பக்கம்தான், கூட்டிக்கொண்டு போ என்றாரா? என் வீடு தூரத்தில் இருக்கிறது, இங்கே வந்து சாகிறேனே என்றாரா? அவர் ஊரில் பென்ஷன் குளிர்காயவே பத்தாதாம். இங்கே யசோத்தோனில் அதே பணத்தில் வீடு, குளம், வயலைப் பார்த்து ஒரு நாற்காலி. நாளெல்லாம் அதில் உட்கார்ந்து "அமைதி, அமைதி" என்பார். ஊருக்காக வந்தாரா, அம்மாவுக்காக இருந்தாரா? வாய் இருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்காமல் விட்டாள். தூரம் என்றுதான் சொன்னார் என்றால் அம்மாவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"நெல் ஆலை முக்கு!" என்றார் மாமா.

"இடது பக்கம் திரும்பறோம். இடது பக்கம் வாங்க" என்றாள் ரட்சனி.

வேன் வலது பக்கம் திரும்பியது.

"அய்யய்யோ, எங்கே போறீங்க?"

"அந்த ரோடு பூரா நெல் காயப் போட்டிருக்காங்க அக்கா" என்றான் வேன்காரன். "சோத்து மேல சக்கரத்தை ஏத்தச் சொல்றீங்களா? இப்படிச் சுத்திப் போயிடலாம்."

"நான் இடதுன்னு சொல்லிட்டேனே!"

மாமாவின் முகம் வெளுத்தது. "சொல்லிட்டியா? போச்சு போ. சொன்ன பக்கம் போயிருப்பார். அந்த மனுஷனுக்கு நேர் வழியே சரியாத் தெரியாதே."

"வண்டியை நிறுத்துங்க!"

நின்றதும் குதித்தாள். இருநூறு அடி திரும்பி ஓடி வந்து முக்கில் நின்றாள். உச்சி வெயில். இடது ரோட்டில் கண்ணுக்கெட்டியவரை நெல். பெரிய ரோட்டில் ஆலைக்குப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போயின. ஊதுபத்தி பாதி எரிந்துவிட்டது.

"இந்தாங்க" என்றாள். அவளுக்கே கோபம் வந்தது. இந்தாங்கவாம் இந்தாங்க.

"உங்க ஊருக்கே போகணும்னாலும் போங்க, யாரும் பிடிச்சு வைக்கல. நாளைக்குப் போங்க. இன்னைக்கு வீட்டுக்கு வாங்க. அம்மா சோறு வச்சுட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா. உங்களை விட்டுட்டுப் போய் அவ முன்னாடி என்னால நிக்க முடியாது..." அழுகை முட்டியது. "அப்பா!"

கீரைக் கட்டுகள் ஏற்றிய ஒரு ஸ்கூட்டர் சட்டென்று நின்றது. வயதான ஆண்களையெல்லாம் அப்பா என்று கூப்பிடுகிற ஊர் அது. ஓட்டிவந்த கிழவர் திரும்பி, "என்னம்மா?" என்றார்.

"உங்களை இல்லைங்க."

அவர் ஊதுபத்தியைப் பார்த்தார். தூரத்தில் கதவு திறந்து நிற்கும் வேனைப் பார்த்தார். ஸ்கூட்டரை அணைத்துவிட்டு இறங்கினார்.

"யாரு?"

"எங்கப்பா. ஃபின்லாந்துக்காரர். வழி மாத்திச் சொல்லிட்டேன்."

"நம்ம பேச்சு புரியுமா?"

"ஏதோ கொஞ்சம். காதும் மந்தம். அவங்க ஊர்ல காகித மில்லுல மெஷின் பக்கத்துலயே வேலை."

"அப்புறம் இந்தச் சத்தத்துல எப்படிம்மா கேக்கும்?"

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போனார். வந்துகொண்டிருந்த நெல் லாரியை இரண்டு கையையும் விரித்து மறித்தார். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி ஏதோ திட்ட வாயெடுத்தான். ஊதுபத்தியோடு நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தான். பின்னால் வந்த லாரியும் அணைந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் அணைந்தது.

"ம்," என்றார் கிழவர். "இப்பக் கூப்பிடு."