ஏஞ்சலின் சேர்த்த ஒரு வரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பி ஆலையின் சர்வர் அறையில் மூன்று பேர் ஷிப்ட் மாற்றி மாற்றித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோகு, அன்புராஜ், ஏஞ்சலின். சர்வர் படுத்துவிட்டால் எடைமேடை நின்றுவிடும்; கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டும். இனி கைப்பேசியிலேயே சர்வரின் நிலவரம் தெரிகிற மாதிரி ஒரு ஆப் செய்யலாம் என்றார் மேனேஜர் பூவராகவன். என்ன செலவாகும் என்று பார்க்கும் வேலை ஏஞ்சலினிடம் வந்தது.

மூன்று வருடத்தில் அவளை நம்பித் தந்த முதல் பெரிய வேலை. நான்கு நாள் உட்கார்ந்தாள். ஆட்கள், மாதங்கள், சோதனை, ஒரு வருடப் பராமரிப்பு, எதையும் மறைக்காமல் ஒன்பது லட்சத்து எண்பதாயிரம் என்று எழுதினாள்.

பூவராகவன் தாளைப் புரட்டினார். "எல்லாம் கரெக்டா கீதும்மா. போட்ட டப்பு எப்போ திரும்பும்னு மொதலாளி கேப்பாரே, அத்த எங்க எழுதின?"

"லாரி வெயிட்டிங் கொறையும் சார்..."

"அதெல்லாம் யாரு நம்புவா? அந்த ரூம்ல மூணு பேரு குந்திக்கினு கீறீங்க. ஆப் வந்துட்டா ஒரு ஆளு போதாதா? ரெண்டு சம்பளம் மிச்சம்னு போடு."

"எந்த ரெண்டு சார்?"

"ஆப்பைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நமக்கு வேணும்ல," என்று சிரித்தார்.

இந்த ஆலையில் வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே லோகுதான். அன்புராஜின் மனைவிக்கு அது ஏழாம் மாதம். மறுத்தால் மூன்று பேருக்கும் சேர்த்து வேட்டு வைப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அந்த வரியைச் சேர்த்தாள். போட்ட காசு பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடும் என்று வந்தது.

ஆப் வரும்வரைகூடக் காத்திருக்காமல் அந்த மாதக் கடைசியிலேயே லோகுவையும் அன்புராஜையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லோகு சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே நின்றார்.

"நீயாவது உள்ள கீறியே, அது போதும்மா. நாங்க வேணாம்னு எவன் கணக்கு போட்டான்னு தெரில. ஒரு நாளாவது நம்ம ரூம்ல வந்து குந்திப் பாத்திருந்தான்னா போட்டிருக்க மாட்டான்."

"மேல இருந்து வந்துச்சுண்ணா," என்றாள் ஏஞ்சலின்.

அவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

ஆப் முடிந்தபோது பதினான்கு லட்சம் ஆகியிருந்தது. ஏன் கூடியது என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை.